7. பலகையோடு பேச ஒரு மொழி

மயிலம் பக்கம் ஒரு கொல்லையில், மோட்டார் கொட்டகைக்குள் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது கருகல் வாடை. உள்ளே இருந்தது நான் வரைந்த போர்டு. ரிலேக்குப் பின்னால், ஆர் பேஸ் ட்ராக்குக்கும் ஐந்து வோல்ட் ட்ராக்குக்கும் குறுக்கே ஒரு பல்லிக்குட்டி ஒட்டிக் கிடந்தது. பழியைப் பல்லி மேல் போட்டுவிட்டு வேறு போர்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கலாம். பையில் ஸ்கேல் இருந்தது, அளந்து பார்த்தேன். நடுவே இரண்டரை மில்லிமீட்டர்தான் விட்டிருந்தேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 240 வோல்ட் என்கிறோம், அலையின் உச்சியில் அது 339. இரண்டு பேஸுக்கு நடுவே 415 என்பது உச்சியில் 587. அந்தப் பக்கம் இவ்வளவு, இந்தப் பக்கம் விவசாயி விரல் வைக்கும் பட்டன்.

எட்டு மில்லிமீட்டர் விடவேண்டும் என்பது எனக்கே நான் வைத்துக்கொண்ட விதி. அதை மறக்கவில்லை, பார்க்கத் தவறிவிட்டேன். முந்நூறு ட்ராக் உள்ள போர்டில் ஒவ்வொரு ஜோடியையும் கண்ணால் அளப்பவர் யாரும் இல்லை. அலுக்காமல் அளக்கிற வேலையைக் கம்ப்யூட்டரிடம் தள்ளிவிட வேண்டும். அதற்குச் சின்னச் சின்னதாக எழுதும் நிரல்தான் ஸ்கிரிப்ட்.

திண்டிவனம், விழுப்புரம் பொறியியல் கல்லூரிகளின் இசிஇ மாணவர்களும் ஐடிஐ முடித்துவிட்டு ஸ்டார்ட்டர் ரிப்பேர் பார்க்கும் பையன்களும் இதைக் கேட்டதும் அடுத்த நொடியே கேட்பது ஒன்றுதான்: “எந்த லாங்குவேஜ்ணா படிக்கணும்?” ஒற்றை வார்த்தையில் பைத்தான் என்று சொல்லி அனுப்பிவிடலாம். பதில் தவறில்லை. ஆனால் ஏன் பைத்தான், எந்த வேலைக்கு அது வேண்டாம், எந்த இடத்தில் அது காலை வாரும் என்பது தெரியாமல் தொடங்கினால் இரண்டு வருடம் கழித்து எழுதியதையெல்லாம் திரும்ப எழுத நேரும். நான் எழுதினேன்.

முதலில், மொழியே வேண்டாமா என்று பாருங்கள்

இந்த நூல் முழுவதும் நாம் பயன்படுத்தும் மென்பொருள் கீகேட். இங்கே பலரும் கைகேட் என்கிறார்கள், உருவாக்கியவர்கள் சொல்வது கீகேட். பிரான்சில் கிரெனோபிள் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ழான் பியர் ஷாரா 1992-ல் தொடங்கியது. பிறகு ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்ன் தன் ஆட்களை இதில் இறக்கியது. அதற்குப் பின்தான் இது பெரிய கம்பெனிகளின் விலைச்சரக்கோடு தோள் உரசும் அளவுக்கு வந்தது.

பல்லி செத்த வாரம் நான் செய்த முதல் வேலை, எல்லா ட்ராக்கையும் ஜோடி ஜோடியாக அளக்கும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதியது. இரண்டு சாயங்காலம் போனது. வளைந்த ட்ராக், வயா, தாமிரம் நிரப்பிய பரப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. எழுதி முடித்து நிமிர்ந்த பிறகுதான், கீகேட்டிலேயே ‘சொந்த விதிகள்’ என்று ஒரு பக்கம் இருப்பது கண்ணில் பட்டது. மின்தடங்களை இரண்டு வகுப்பாகப் பிரித்துவிட்டு, ‘இந்த வகுப்புக்கும் மற்றதற்கும் நடுவே குறைந்தது எட்டு மில்லிமீட்டர்’ என்று நாலு வரி எழுதினால் போதும். விதிமீறல் சோதனையை ஓட்டியதும் மீறிய இடமெல்லாம் அம்புக்குறியோடு வந்து நிற்கிறது. 9-ஆம் பதிப்பிலிருந்து காற்று வழித் தூரம் ஒருபுறம், போர்டின் பரப்பில் ஊர்ந்து போகும் தூரம் ஒருபுறம் என்று இரண்டையும் தனித்தனியே சோதிக்கலாம். கடலைத் தூசும் எறும்பும் பல்லியும் புகுகிற பெட்டிக்கு அந்த இரண்டாவது தூரம்தான் உயிர்நாடி. என் இரண்டு சாயங்கால நிரலை அன்றைக்கே அழித்தேன்.

ஆகவே ஸ்கிரிப்ட் எழுதக் கை பரபரக்கும்போது, அந்த வேலையை மென்பொருளின் விதிப்பக்கம் செய்யுமா என்று முதலில் தேடுங்கள். அடுத்ததாக, கட்டளை வரி செய்யுமா என்று பாருங்கள். 2023-ல் வந்த 7-ஆம் பதிப்பு முதல் கீகேட்டை ஜன்னல் திறக்காமலே கட்டளை வரியிலிருந்து ஓட்டலாம். 8-ஆம் பதிப்பு முதல் விதிமீறல் சோதனையையும் பொருள்பட்டியலையும் அப்படியே எடுக்கலாம். போர்டு செய்யக் கொடுக்கும் கெர்பர் கோப்புகளை எடுப்பதற்கு முன் சோதனை ஓடியே தீரவேண்டும் என்று ஒரு ஷெல் கோப்பில் மூன்று வரி எழுதி வைத்திருக்கிறேன். அதற்குப் பைத்தான் தேவைப்படவில்லை.

ரிச்சி தெருப் பட்டியல்

மொழி உண்மையாகவே தேவைப்படும் இடம் வேறு. விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் பிடித்து எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போகிறோம். கையில் பொருள்பட்டியல். அதில் பத்து கே ரெசிஸ்டர் ‘10கே’ என்று ஏழு, நடுவே இடம் விட்டு ‘10 கே’ என்று நாலு, ‘10000’ என்று இரண்டு. மூன்று பேர் சேர்ந்து வரைந்த சர்க்யூட்டில் இப்படித்தான் வரும். கம்ப்யூட்டருக்கு அவை மூன்று வேறு பொருள்கள். கடைக்காரர் எதிரில் நின்றுகொண்டு பேனாவால் கூட்டிப் பார்த்திருந்தால் உங்களுக்கும் ஸ்கிரிப்ட்டின் அருமை தெரிந்திருக்கும்.

இதற்கான நிரல் கீகேட்டைத் தொடவே தேவையில்லை. பட்டியலை காற்புள்ளி பிரித்த எழுத்துக்கோப்பாக எடுத்து, ஒவ்வொரு வரியிலும் மதிப்பை வாங்கி, இடைவெளியை நீக்கி, ‘கே’ இருந்தால் ஆயிரத்தால் பெருக்கி எண்ணாக்கி, ஒரே எண்ணும் ஒரே அளவும் உள்ளவற்றைக் கூட்டவேண்டும். முப்பது வரிக்குள் அடங்கிவிடும். எந்த மொழியிலும் எழுதலாம், பிஎச்பி தெரிந்தவர் அதிலேயே எழுதட்டும். சர்க்யூட்டும் போர்டும் வெறும் எழுத்துக்கோப்பாக இருப்பதால் வந்த சௌகரியம் இது. மூடிய மென்பொருள் பலவற்றில் கோப்பைத் திறக்கவே கம்பெனியின் மொழி வேண்டியிருக்கும்.

கோப்பு மட்டும் போதாமல், போர்டுக்குள்ளேயே கை வைக்கவேண்டிய வேலைகளும் உண்டு. ஒரே போர்டை ஆறாக அடுக்கி ஒரு தகட்டில் வரைவது, பதிப்பு எண்ணையும் தேதியையும் வெள்ளை எழுத்தில் பொறிப்பது, இருபது ரிலேயைச் சம இடைவெளியில் வரிசையாக வைப்பது போன்றவை. ‘எந்த மொழி’ என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. பதிலை மொழி சொல்லாது, மென்பொருள் எந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறதோ அதுதான் சொல்லும்.

மூன்று மொழிகள், ஒரு பழைய சண்டை

1980-களின் கடைசியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் மாணவர்களும் சிப் வரையும் கருவிகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். கருவிக்குக் கருவி அரைகுறையாக ஒரு கட்டளை மொழி, ஒன்றில் பழகியது இன்னொன்றில் செல்லாது. சலித்துப்போய், எந்தக் கருவிக்குள்ளும் செருகிக்கொள்ளக்கூடிய பொது மொழியாக அவர் 1988-ல் செய்ததுதான் டிக்கிள். நம் தலைப்பில் இருக்கும் சிக்கலுக்கென்றே பிறந்த மொழி. சிப் வடிவமைப்பு உலகம் இன்றைக்கும் அதன் மடியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1994-ல், டிக்கிளைப் பயன்படுத்தாதீர்கள் என்றே ஒரு மடல் எழுதினார். சின்ன வேலைக்கென்று செய்த மொழியில் நாளைக்குப் பெரிய வேலையும் எழுதுவார்கள், அப்போது அது தாங்காது என்பது அவர் வாதத்தின் சாரம். அவருடைய குனு தரப்பு கைல் என்ற மொழியைக் கொண்டுவந்தது. அது லிஸ்ப் குடும்பத்து ஸ்கீம், எல்லாமே அடைப்புக்குறிக்குள். 1998-ல் ஆலேஷ் ஹவெஸ்டா தொடங்கிய ஜிஇடிஏ என்ற கட்டற்ற மின்னணு வடிவமைப்புத் தொகுப்பு கைலை எடுத்துக்கொண்டது. அதன் கிளையான லெப்டான் இடிஏ இன்றும் கைலில்தான் ஓடுகிறது.

எனக்குக் கைல் பிடிக்கும். சர்க்யூட் வரைபடத்திலிருந்து இணைப்புப் பட்டியலை எடுக்கும் பகுதிகள் அதில் எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். ஆனால் ஒன்று நடந்தது. எங்கள் வேலைக்கூடத்தில் ஓர் அண்ணன் ஜிஇடிஏவுக்கென்று கைலில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். டெர்மினல் எண்ணையெல்லாம் தானே போட்டு, ஒயரிங் பட்டியலை அச்செடுத்துக் கொடுக்கும். இரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினோம். அவர் வேலை கிடைத்து துபாய் போனார். அடுத்த மாதம் பெட்டியில் ஒரு டெர்மினல் கூடியது, ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி மாற்றவேண்டும். ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம், எந்த அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்றே தெரியவில்லை. “தம்பி, கடைசி நாலு வரியை மட்டும் மாத்து” என்று அவர் போனில் சொன்னார். கடைசி நாலு வரியில் இருந்ததெல்லாம் மூடும் குறிகள். மறுநாள் முதல் ஒயரிங் பட்டியல் மறுபடி நோட்டுப்புத்தகத்துக்கே போனது.

அதில் மொழியின் குற்றம் எதுவும் இல்லை. விழுப்புரத்தில் அதைப் படிக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் இல்லாததுதான் குற்றம். அன்றிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட்டை எந்த மொழியில் எழுதலாம் என்று யாராவது கேட்டால், ‘நீ ஊரில் இல்லாதபோது இதை யார் திருத்துவார்?’ என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

பைத்தானுக்கு இங்கே ஆள் இருக்கிறது. கல்லூரியில் பாடமாகவே வருகிறது. விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத் தருகிறார்கள். அங்கே போனால் சந்தேகம் கேட்க நாலு பேர் கிடைப்பார்கள். ஐஐடி பம்பாயின் ஃபாஸீ திட்டத்திலிருந்து வந்த இசிம் என்ற சர்க்யூட் பாவனை மென்பொருளும் பைத்தானில் எழுதப்பட்டதுதான். வரைவதற்குக் கீகேட், கணக்கிடுவதற்கு என்ஜிஸ்பைஸ், இரண்டையும் கோத்துக் கட்டியிருப்பது பைத்தான். அந்த ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் பல தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. கீகேட்டும் பைத்தானுக்குத்தான் வாசல் வைத்திருக்கிறது.

ஒரு வேடிக்கை. கீகேட்டின் போர்டு கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள். ஆதி முதல் அந்தம் வரை லிஸ்ப் பாணி அடைப்புக்குறிகள். மொழியாக இங்கே தோற்றது, கோப்பு வடிவமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

லூவா, ஜாவாஸ்கிரிப்ட் என்று கேட்பவர்களுக்கு: நல்ல மொழிகள், இந்த வீட்டில் அவற்றுக்கு வாசல் இல்லை.

வாசல் இடம் மாறும்

பைத்தான் என்று முடிவு செய்தாயிற்று. இனி வலி எங்கே வரும் என்று சொல்கிறேன்.

கீகேட் எழுதப்பட்டிருப்பது சி பிளஸ் பிளஸ்ஸில். அதன் உள் உறுப்புகளை ஸ்விக் என்ற கருவியால் அப்படியே பைத்தானுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளே சுவரை இடித்துக் கட்டினால் வெளியே நம் ஸ்கிரிப்ட் விழும். 5-ஆம் பதிப்பில் போர்டிலுள்ள உதிரிகளைக் கேட்க ‘கெட் மாட்யூல்ஸ்’ என்று எழுதினோம். 6-ல் அது ‘கெட் ஃபுட்பிரின்ட்ஸ்’ ஆனது. 7-ல் இடத்தைக் குறிக்கும் ‘டபிள்யூஎக்ஸ் பாயின்ட்’ போய் ‘வெக்டார் 2 ஐ’ வந்தது. விண்டோஸில் 5-ஆம் பதிப்போடு வந்தது பைத்தான் 2.7, அதன் ஆயுள் 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 6-ல் பைத்தான் 3. எங்கள் கூடத்தில் ஒரு லேப்டாப்பில் மட்டும் 6-க்கு மாறினோம். பதினோரு ஸ்கிரிப்ட்டில் ஒன்பது எழுந்திருக்கவில்லை.

2025 பிப்ரவரியில் வந்த 9-ஆம் பதிப்பு வேறு வாசலைத் திறந்தது. அதற்கு ஐபிசி வாசல் என்று பெயர். போலீஸ் ஸ்டேஷன் நினைவு வரவேண்டாம், ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசும் முறைக்குத்தான் அந்தச் சுருக்கம். கீகேட் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், உங்கள் ஸ்கிரிப்ட் தனி நிரலாக வெளியே நின்று செய்தி அனுப்பும், பதில் வாங்கும். உள்ளே சுவர் இடிந்தாலும் செய்தியின் வடிவம் மாறாது என்பதே நோக்கம். பழைய ஸ்விக் வாசல் 9-லும் திறந்திருக்கிறது, ஆனால் மூடப்போகிறோம் என்று பலகை மாட்டிவிட்டார்கள். இந்த ஏற்பாட்டில், செய்தி அனுப்பத் தெரிந்த எந்த மொழியும் நாளைக்கு உள்ளே வரலாம். இன்றைக்குக் கையில் தயாராக இருக்கும் நூலகம் பைத்தானுடையது.

புதிய வாசலுக்கும் குறை உண்டு. 9-ஆம் பதிப்பு நிலவரப்படி கீகேட் ஜன்னல் திறந்திருந்தால்தான் அது பேசும், அதுவும் போர்டு திருத்தியோடு மட்டும். இரவில் ஆளில்லாமல் ஓடவேண்டிய சோதனைகளுக்கு இது ஆகாது, அவற்றுக்குக் கட்டளை வரிதான்.

ஒன்பது ஸ்கிரிப்ட் விழுந்த பிறகு நான் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன். கீகேட்டோடு பேசும் வரிகள் அத்தனையும் ஒரே கோப்பில் இருக்கும், அதுதான் என் வாசல் கோப்பு. ‘உதிரிகளைக் கொடு’, ‘இந்த உதிரி எங்கே இருக்கிறது’, ‘இதை அங்கே நகர்த்து’ என்று பத்துப் பன்னிரண்டு சின்னச் செயல்கள், அவ்வளவுதான். மற்ற ஸ்கிரிப்ட்டெல்லாம் கீகேட் பெயரையே எடுக்காமல் இந்தக் கோப்பைத்தான் கேட்கும். அளவும் இங்கேயே மாறிவிடும். கீகேட் உள்ளே நானோமீட்டரில் எண்ணுகிறது, ஒரு மில்லிமீட்டர் அதற்குப் பத்து லட்சம். வெளியே வரும்போது எனக்கு மில்லிமீட்டர். பதிப்பு மாறினால் அந்த ஒரு கோப்பைத் திறக்கிறேன், ஒரு சாயங்காலத்தில் முடிகிறது.

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கீகேட் தனக்கென்று ஒரு பைத்தானைக் கூடவே கொண்டுவருகிறது. நீங்கள் தனியாக நிறுவிய பைத்தானில் ஒரு நூலகத்தைப் போட்டுவிட்டு, கீகேட்டுக்குள் தேடினால் கிடைக்காது. நீங்கள் நிறுவிய பைத்தானிலிருந்து ஸ்விக் தொகுப்பைக் கூப்பிட்டால், அப்படி ஒன்று இல்லை என்று வரும். கீகேட்டோடு வரும் கட்டளை ஜன்னலைத் திறந்து அதில் ஓட்டுங்கள். உபுண்டுவிலும் டெபியனிலும் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. பழைய லேப்டாப்பில் நிறுவுபவர்கள் முப்பரிமாண மாடல் தொகுப்பை விட்டுவிட்டால் இடம் கணிசமாக மிச்சமாகும்.

தமிழில் பெயர் வைப்பது

பைத்தான் 3-ல் மாறிகளுக்கும் செயல்களுக்கும் தமிழில் பெயர் வைக்கலாம். ‘தூரம்’, ‘உதிரி’, ‘ஆபத்து_பட்டியல்’ எல்லாம் செல்லும். ஐடிஐ பையன்களுக்கு நான் இப்படித்தான் எழுதிக் காட்டுகிறேன். மொழியின் முப்பது சொச்சம் ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே தமிழில் இருப்பதெல்லாம் நாம் வைத்த பெயர் என்று பார்த்ததும் பிடிபட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் எது மொழியின் சொல், எது நம் சொல் என்று பிரிக்கவே ஒரு வாரம் போகும். வெளியே பகிர நினைக்கும்போது பெயர்களை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு கண்ணி இருக்கிறது. ‘மோட்டார்’ என்பதில் வரும் ‘மோ’வை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே எழுத்தாக வைக்கலாம், அல்லது இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். மாறியின் பெயராக இருந்தால் பைத்தானே சரிசெய்து ஒன்றாக எடுத்துக்கொள்ளும். மேற்கோளுக்குள் இருக்கும் சரமாக இருந்தால் சரிசெய்யாது. மின்தடத்துக்கு ‘மோட்டார்’ என்று ஒரு கணினியில் பெயரிட்டு, ஸ்கிரிப்ட்டை இன்னொரு கணினியில் தட்டச்சு செய்து, இரண்டும் பொருந்தவில்லை என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் பைத்தானின் யுனிகோட் இயல்பாக்கம் வழியே தள்ளிவிடுங்கள், ஒரு வரிதான்.

சிப் பக்கம் போகிறவர்களுக்கு

வகுப்பில் இரண்டு மூன்று பேராவது போர்டோடு நிற்கமாட்டேன், சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் சிப் வடிவமைப்பில் சேரப்போகிறேன் என்பார்கள். அவர்களுக்கு என் பதில் வேறு. டிக்கிளைப் படியுங்கள். பழையது, அழகில்லை, ஸ்டால்மன் சொன்னதும் சரிதான். இருந்தாலும் அந்தத் தொழிலின் கருவிகள் அதைத்தான் பேசுகின்றன. கட்டற்ற கருவிகளில் மேஜிக்கும் அதையே பேசுகிறது, ஓப்பன்ரோடு டிக்கிள், பைத்தான் இரண்டையும் ஏற்கிறது. அதன் மேல் கட்டிய ஓப்பன்லேன் முதலில் டிக்கிளில் இருந்தது, இரண்டாம் பதிப்பைப் பைத்தானில் புதிதாக எழுதினார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிகிறது. நேர்காணலில் எதிரே உட்காருபவர் இன்னும் டிக்கிளில்தான் கேட்பார்.

லெப்டானில் வரைந்து பழகியவர்கள் கைலை விடவேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு ஆளுக்காவது சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வேலை

இந்த அத்தியாயத்துக்கான பயிற்சிக்கு உங்கள் சொந்த போர்டு ஒன்று வேண்டும், இரவல் வேண்டாம். மொபைல் ஸ்டார்ட்டர், எமர்ஜென்சி லைட், எதுவானாலும் சரி. மின்தடங்களை ஆபத்தானவை, மற்றவை என்று இரண்டு வகுப்பாக்கி, விதிப்பக்கத்தில் எட்டு மில்லிமீட்டர் விதியை எழுதி, சோதனையை ஓட்டுங்கள். இதுவரை பைத்தான் இல்லை. பிறகு பொருள்பட்டியலை எடுத்து, மேலே சொன்ன முப்பது வரி நிரலை எழுதி, ஒரே மதிப்புள்ளவற்றைக் கூட்டுங்கள். விடையைக் கையால் ஒருமுறை எண்ணிச் சரிபாருங்கள். கடைசியாக, வாசல் கோப்பில் ஒரே ஒரு செயலை எழுதுங்கள்: இன்றைய தேதியை போர்டின் மூலையில் வெள்ளை எழுத்தில் பொறிப்பது.

நான் இதைச் செய்யாமல் இருந்த காலத்தில், திருத்திய போர்டு என்று நினைத்துப் பழைய கெர்பர் கோப்பையே செய்யக் கொடுத்து, ஐம்பது போர்டு வாங்கி வந்தேன். எல்லாவற்றிலும் அதே இரண்டரை மில்லிமீட்டர். மூலையில் தேதி இருந்திருந்தால் உறையைப் பிரித்ததுமே தெரிந்திருக்கும். பதினேழு போர்டில் உதிரி சால்டர் செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது. மீதி முப்பத்து மூன்றும் கூடத்து மேசையில் இருக்கின்றன, வகுப்புக்கு வருபவர்கள் டீ கிளாஸ் வைக்க எடுத்துக்கொள்கிறார்கள்.